சிலாங்கூர்க் கரையோரம்: இன்னஸ் தம்பதியரும் எழுதப்படாத நம் பயணமும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ‘எங்கே போகலாம்?’ என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். அண்மைக் காலமாக இளந்தம்பதியர் பலர், முதுகில் ஒரு பை, காலில் ஒரு நல்ல காலணி, கையில் சிறு தொகை ஆகியவற்றை மட்டும் கொண்டு ஊர் சுற்றப் புறப்படுகின்றனர். ஒரு நாள் நுவாங் மலையேற்றம். மறுநாள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறிக் கெத்தாம் தீவு. அடுத்த நாள் ஜூக்ரா குன்றின் உச்சியிலிருந்து வான்குடையில் பறத்தல். அதன்பின் கோல சிலாங்கூரில் மின்மினி. விடுமுறை மீதமிருந்தால் பங்கோர் தீவு. இது நல்ல பழக்கமே. நாட்டைக் காலால் அளந்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

ஆயினும் இந்தக் கரையோர ஊர்களுக்கு வரும் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தம்பதியர் இதே ஊர்களில் இடம்விட்டு இடம் பெயர்ந்து வாழ்ந்து, அதைப் புத்தகமாகவும் எழுதி வைத்தனர் என்பது தெரியும்? அதைவிட முக்கியமாக, நம் முன்னோர் இதே கரையில் வந்திறங்கிய கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்? இவ்விரு கேள்விகளையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றின் தலையும் வாயும்

அம்பாங் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடற்கரை தொலைவில் உள்ளதாகவே தோன்றும். ஆனால் நிலவியல் வேறு கதை சொல்கிறது. சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்த அம்பாங் பகுதி, உலு லங்காட் மாவட்டத்திற்கு உட்பட்டது. மலாய் மொழியில் ‘உலு’ என்றால் ஆற்றின் மேற்பகுதி. ‘கோல’ என்றால் ஆற்றின் கழிமுகம். அம்பாங்கிற்குக் கிழக்கே எழும் மலைத்தொடரில் பிறக்கும் லங்காட் ஆறு, காஜாங், டெங்கில் வழியாக ஓடி, பந்திங்கைக் கடந்து, ஜூக்ரா குன்றின் அருகே கடலில் கலக்கிறது. நாம் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறோம். நாம் பேசப்போகும் தம்பதியர் அதன் வாயில் இருந்தனர்.

அம்பாங்கின் வரலாறும் கரையிலிருந்தே தொடங்குகிறது. 1857ஆம் ஆண்டில் கிள்ளானின் தலைவராக இருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களை அனுப்பினார். அவர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டு வழியாக நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 18 பேரே எஞ்சினர். மற்றவர்களைப் பெரும்பாலும் மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதே 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா கட்டிய சேமிப்புக் கிடங்கு, ‘கெடோங் ராஜா அப்துல்லா’ என்ற பெயரில் கிள்ளான் நகரில் இன்றும் நிற்கிறது. முதுகில் சுமையோடு காட்டுக்குள் நடந்த அந்த 87 பேரும் அம்பாங்கின் முதல் பயணிகள் என்று சொன்னால் மிகையாகாது.

1870களின் சிலாங்கூர்

அக்காலச் சிலாங்கூரைப் பற்றிச் சிறிது கூறினால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும். சுல்தான் அப்துல் சமாட் 1857 முதல் 1898 வரை ஆட்சி செய்தார். 1860களின் பிற்பகுதி முதல் ஈய வருவாயைப் பற்றிய பூசல் உள்நாட்டுப் போராக வளர்ந்தது. சுல்தான் அப்பூசலிலிருந்து ஒதுங்கி, கழிமுக ஊராகிய லங்காட்டில் வாழ்ந்தார். 1873ஆம் ஆண்டின் இறுதியில் கோல லங்காட் அருகே நடந்த கடற்கொள்ளை ஒன்று பிரிட்டிஷாரின் தலையீட்டிற்கு ஒரு காரணமாயிற்று. 1874 சனவரி 20ஆம் நாள் பேராக் தொடர்பான பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அவ்வாண்டிலேயே சிலாங்கூரும் பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவரை ஏற்கும் நிலைக்கு வந்தது.

அப்போது தலைநகர் கிள்ளான். கோலாலம்பூர் 1880ஆம் ஆண்டில்தான் நிருவாகத் தலைமையிடமாயிற்று. இரயில் பாதை 1886ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே 1870களில் பயணம் என்றாலே ஆறும் கடலும்தாம். ஊருக்கு ஊர் செல்ல நீராவிப் படகு வேண்டும். அது கிட்டாதவர்களுக்குத் துடுப்புப் படகு. அதுவும் இல்லாதவர்களுக்குச் சேற்றில் நடை.

இசபெல்லா பேர்டின் பயணம்

இந்தக் கரையைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1831ஆம் ஆண்டில் பிறந்த இவர், அமெரிக்க மலைகளிலும் சப்பானிலும் தனியாகப் பயணம் செய்தவர். 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரை அடைந்து, மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பினாங்கு, பேராக் ஆகிய பகுதிகளில் சில வாரங்கள் சுற்றினார். தம் தங்கை என்றியெட்டாவுக்கு எழுதிய கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு 1883ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். பண்டைய கிரேக்கர்கள் மலாய்த் தீபகற்பத்தைக் குறித்த ‘பொன் தீபகற்பம்’ என்ற பெயரையே அந்நூலுக்கு இட்டார்.

பேர்ட் துணிச்சலானவர் என்பதில் ஐயமில்லை. கோல கங்சாரில் ஆலோசகர் இல்லாத வேளையில் இரண்டு குரங்குகளோடு உணவு மேசையில் அமர்ந்து உண்டதை அவர் சுவைபட எழுதியிருக்கிறார். யானை மீதும் பயணம் செய்தார். ஆயினும் அவர் தனியாக வந்தார் என்பது பாதி உண்மையே. சிலாங்கூரில் அவருக்கு ஆலோசகர் டக்ளஸ் விருந்தளித்தார். அரசின் நீராவிப் படகு அவரை லங்காட்டிற்கு அழைத்துச் சென்றது. சுல்தான் அப்துல் சமாட் அவரை வரவேற்றார். பெட்டி தூக்க ஆள் இருந்தது. இரவு தங்க மாளிகை இருந்தது. பிடிக்காத ஊரிலிருந்து மறுநாளே புறப்படும் வசதியும் இருந்தது.

மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் அவர் தமிழர்களையும் கண்டார். அக்கால வழக்கப்படி அவர்களைக் ‘கிளிங்’ என்ற சொல்லால் குறித்தார். அவர்களின் தோற்றத்தையும் வெண்மையும் செம்மையுமான உடைகளையும் வியந்து எழுதினார். ஆனால் அவர்கள் ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பன அவரது வியப்பிற்குள் அடங்கவில்லை.

இன்னஸ் தம்பதியர்

பேர்ட் லங்காட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவ்வூரில் குடியேறிய தம்பதியர் ஜேம்ஸ் இன்னஸ், எமிலி இன்னஸ் ஆகியோர். 1876ஆம் ஆண்டில் ஜேம்ஸ், லங்காட்டில் வரி வசூல் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். பின்னர் பேராக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள டுரியான் செபாத்தாங் என்னும் ஊரிலும் பணியாற்றினார். இவ்வூர் இன்றைய தெலுக் இந்தான் நகரை அடுத்தது. லங்காட், டுரியான் செபாத்தாங், பங்கோர் என்று இவர்கள் சென்ற இடங்களை வரைபடத்தில் குறித்தால், இன்றைய இளைஞர்களின் விடுமுறைப் பயணத் தடத்தோடு பெரிதும் ஒத்துப்போகும்.

ஆனால் அவர்களின் வாழ்க்கை விடுமுறையாக இல்லை. லங்காட்டில் அவர்களது வீடு அத்தாப்பு வேய்ந்த மர வீடு. ஒருபுறம் ஆறு, மறுபுறம் சதுப்பு. கடல் ஏறும்போது நீர், இறங்கும்போது சேறு. மாலையானால் கொசுப்படை. அருகில் வேறு ஐரோப்பியப் பெண் எவரும் இல்லை. உணவு பெரும்பாலும் கோழியும் தகர டப்பாவில் அடைத்த பண்டங்களும்தாம். கடிதமும் பொருளும் படகு வரும் நாளைப் பொறுத்தவை. அந்நாள் எதுவென்று ஒருவருக்கும் உறுதியில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் காண ஊரார் வீட்டிற்குள்ளேயே வந்து அமர்ந்திருப்பர். எளிமையாக நடமாடிய சுல்தான் அவர்களுக்கு அண்டை வீட்டார். எமிலி மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு அரண்மனைப் பெண்களோடும் பழகினார்.

அரசு கணவருக்குத்தான் சம்பளம் கொடுத்தது. அவரோடு காட்டிலும் சேற்றிலும் அலைந்த மனைவி அரசின் கணக்கில் இல்லை. வீடு, படகு, மருத்துவம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் மேலதிகாரிகளிடம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்பும் அதனால் விளைந்த மனக்கசப்பும் எமிலியின் நூல் முழுவதும் விரவிக் கிடக்கின்றன.

பங்கோரில் ஓர் இரவு

1878ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பங்கோர் தீவு அப்போது ‘டிண்டிங்ஸ்’ என்ற பெயரில் நேரடிப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கு மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர் கேப்டன் லாயிட். டுரியான் செபாத்தாங்கின் சதுப்பிலிருந்து சிறிது காலம் விலகி, கடற்காற்றை நாடி எமிலி அவ்வீட்டில் விருந்தினராகத் தங்கினார். ஜேம்ஸ் அவ்விரவில் அங்கில்லை.

நள்ளிரவில் கொள்ளையர் கூட்டம் வீட்டிற்குள் புகுந்தது. கேப்டன் லாயிட் கொல்லப்பட்டார். அவர் மனைவி படுகாயமடைந்தார். எமிலியும் தாக்கப்பட்டார், ஆயினும் உயிர் தப்பினார். சில மாதங்களுக்குப் பின் பங்கோர் வழியே சென்ற இசபெல்லா பேர்டும் இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். ஜேம்ஸ் இன்னஸைத் தாம் கண்டதையும் அவர் குறிப்பிடுகிறார். சதுப்பு நிலம் அவரை வென்றுவிட்டதுபோலச் சோர்ந்து காணப்பட்டார் என்பது அக்குறிப்பின் கருத்து. புகழ்பெற்ற பயணியின் நூலில் அம்மனிதர் ஓரிரு வரிகளில் கடந்து போகிறார். அச்சோர்வின் பின்னணி அவர் மனைவியின் நூலில் இரண்டு தொகுதிகளாக விரிகிறது.

1882ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பணியிலிருந்து விலகினார். கடன் அடிமை முறையைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் கையாண்ட விதத்தை அவரால் ஏற்க முடியாமற் போனது அதற்கான காரணங்களுள் ஒன்று. கடனைத் திருப்பித் தர இயலாதவரும் அவரது குடும்பத்தாரும் கடன் கொடுத்தவரின் வீட்டில் அடிமைகளாக உழைப்பதே அம்முறை. பேராக்கில் அது 1883ஆம் ஆண்டின் இறுதியில்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இரண்டும் உண்மையே

பேர்டின் நூல் 1883ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1885ஆம் ஆண்டில், எமிலி இன்னஸ் தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். ‘முலாம் உதிர்ந்த தீபகற்பம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பேர்ட் பூசிய பொன் முலாமை நான் சுரண்டிக் காட்டுகிறேன் என்பதே அத்தலைப்பின் பொருள். தெலுக் இந்தானின் புகழ்பெற்ற சாய்ந்த கோபுரம் கட்டப்பட்டதும் அதே 1885ஆம் ஆண்டில்தான் என்பது மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு செய்தி.

இங்கேதான் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஓர் அரிய பாடம் கிடைக்கிறது. எமிலி, பேர்டைப் பொய்யர் என்று கூறவில்லை. பேர்ட் எழுதியவை உண்மை. தாம் எழுதியவையும் உண்மை. இருவரும் ஒரே நாட்டை வெவ்வேறு சூழலில் கண்டனர் என்பதே வேறுபாட்டிற்குக் காரணம் என்று விளக்கினார். ஒருவர் அரசின் விருந்தினர். மற்றவர் அரசின் கடைநிலை அதிகாரி ஒருவரின் மனைவி. ஒருவர் ஓர் ஊரில் சில நாள் தங்கினார். மற்றவர் அதே ஊரில் மழைக்காலத்தையும் காய்ச்சலையும் கடந்தார்.

நம் மாணவர்கள் நான்காம் ஆண்டு முதல் வரலாற்றைத் தனிப் பாடமாகப் பயில்கின்றனர். ஆண்டுகளையும் பெயர்களையும் மனனம் செய்கின்றனர். அவற்றோடு, ‘இதை எழுதியவர் யார்? அவர் எப்படி அங்கு வந்தார்? அவருடைய சுமையைத் தூக்கியவர் யார்?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவும் அவர்கள் பழக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது கடினமன்று. வகுப்புச் சுற்றுலா முடிந்து திரும்பியதும், பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்தவனையும் வழியெல்லாம் வாந்தியெடுத்தவனையும் அதே சுற்றுலாவைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டு கட்டுரைகளும் வெவ்வேறாக இருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

எழுதப்படாத மூன்றாம் பயணம்

பேர்ட் எழுதினார், எமிலி எழுதினார். இருவரும் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்கள். எழுத்தும் அச்சகமும் அவர்களுக்குக் கிட்டின. எமிலி தம்மை அரசு புறக்கணித்தது என்று வருந்தினார். அவ்வருத்தத்தை அச்சிட்டு உலகறியச் செய்ய அவரால் முடிந்தது. இக்கரையில் இறங்கிய மூன்றாம் வகைப் பயணிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் நம் முன்னோர்.

அவர்களும் முதுகிலும் தலையிலும் மூட்டையோடு வந்தவர்கள்தாம். ஒப்பந்த முறையில் வந்தவர்கள் கப்பற்செலவைக் கடனாக ஏற்று, அதனை உழைத்துக் கழிக்க வேண்டியவர்களாய் வந்தனர். கடன் அடிமை முறையை ஒழித்ததாகப் பெருமை கொண்ட ஆட்சியில்தான் இதுவும் நடந்தது என்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு இணையாக வளர்ந்த கங்காணி முறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். கங்காணி தம் ஊருக்கும் சுற்றூர்களுக்கும் சென்று உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி வருவார். கணவனும் மனைவியும் சேர்ந்து கப்பலேறும் வழக்கம் இம்முறையில்தான் பெருகியது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய தொழிலாளர் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

சிலாங்கூருக்கு வந்தவர்களின் வாசல், 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம். 1972ஆம் ஆண்டில் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. சதுப்பை வெட்டி அமைத்த அத்துறைமுகத்தில், திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தையே மூட நேருமோ என்ற அச்சம் எழுந்தது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசுக்கள் முட்டையிடும் இடங்களை அழிக்கும் பணியை முன்னின்று நடத்தினார். உலக மலேரியா ஒழிப்பு வரலாற்றில் கிள்ளானும் போர்ட் சுவெட்டன்ஹாமும் இடம்பெறுவது இதனால்தான். ஆனால் வடிகால் வெட்டப்பட்டது முதலில் நகரங்களில். தோட்டப்புற லயங்களில் தமிழ்த் தொழிலாளர் காய்ச்சலால் மடிவது அதன்பின்னும் தொடர்ந்தது.

கப்பல்களுள் நம் மக்கள் நினைவில் ஆழப் பதிந்தது ‘ரஜூலா’. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே மிகுதி. துறைமுகத்தில் இறங்கியதும் நோய்த் தடுப்பு முகாமில் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, அதன்பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கிள்ளான், காப்பார், பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர் என்று கரையோரம் முழுதும் அவர்கள் பரவினர். காட்டை அழித்தனர், பால்மரம் வெட்டினர், பிற்காலத்தில் செம்பனைக் குலை அறுத்தனர்.

புதிதாய் மணம் முடித்த ஓர் இளம்பெண், நாகையில் கப்பலேறி, கடலை முதன்முறையாகக் கண்டு, ஒரு வாரம் கழித்துச் சேற்றுக்கரை ஒன்றில் இறங்கியபோது என்ன நினைத்திருப்பாள்? எமிலி இன்னஸ் கண்ட அதே கரை, அதே கொசு, அதே காய்ச்சல். எமிலிக்கு வேலையாட்கள் இருந்தனர். தாய்நாடு திரும்ப வழியிருந்தது. இந்தப் பெண் விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அவள் ஒரு கடிதம் எழுதியிருந்தாலும், அதை வைத்துப் பாதுகாக்கும் நூலகம் இல்லை.

இன்று அக்கரையில் காண வேண்டியவை

விடுமுறையில் பிள்ளைகளோடு செல்ல விரும்பும் பெற்றோர்க்குச் சில இடங்களைச் சுட்டுகிறேன். முதுகுப்பை போதும், பெருஞ்செலவு தேவையில்லை.

*கிள்ளான்:* அம்பாங்கிலிருந்து இலகு இரயிலில் பண்டாராயா நிலையம் சென்று, அங்கிருந்து பேங்க் நெகாரா கொமுட்டர் நிலையத்திற்கு நடந்தால் கிள்ளானுக்கு நேரடி இரயில் உண்டு. ராஜா அப்துல்லாவின் கிடங்கை அங்கு காணலாம். அம்பாங்கின் கதை தொடங்கிய இடம் இது.

*கிள்ளான் துறைமுகமும் கெத்தாம் தீவும்:* அதே இரயில் பாதையின் கடைசி நிலையம் துறைமுகம். அருகிலேயே கெத்தாம் தீவுக்குப் படகுத்துறை உள்ளது. நீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வேளையில், படகிலிருந்து கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கொள்ளுத்தாத்தா முதலில் கண்ட மலாயா ஏறத்தாழ இப்படித்தான் கடல்மீதிருந்து தெரிந்திருக்கும்.

*ஜூக்ரா:* சுல்தான் அப்துல் சமாட்டின் அடக்கத்தலம் இங்கு உள்ளது. அவருடைய பேரர் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா 1905ஆம் ஆண்டில் கட்டி முடித்த பண்டார் அரண்மனையும் அருகில் உண்டு. குன்றின் மேல் கலங்கரை விளக்கம் இருக்கிறது. வான்குடையில் பறப்போர் குதிக்கும் இடமும் அதுவே. மேலிருந்து பார்த்தால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து கடலை நோக்கிச் செல்வது தெரியும். சுற்றிலும் செம்பனை. இன்னஸ் தம்பதியரின் சதுப்பு எப்படி இந்தப் பசுந்தோட்டமாக மாறியது, யார் மாற்றினார்கள் என்ற கேள்வியை அங்கேயே கேட்கலாம்.

*மோரிப் கடற்கரை:* 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 25ஆம் பிரிவு இங்குக் கரையிறங்கியது. சப்பானியர் சரணடைந்த செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டதால் போர் நிகழவில்லை. தோட்டக் கூலிகளாக இந்தியர் வந்த கரையில், படைவீரர்களாகவும் இந்தியர் வந்த நாள் அது.

*கோல சிலாங்கூர்:* மெலாவத்தி குன்றும் கோட்டையும் 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும் காணத்தக்கவை. இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினிகள்.

மலையேற விரும்பும் இளையோர்க்கு உலு லங்காட்டின் நுவாங் மலை உண்டு. 1,493 மீட்டர் உயரம். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லக்கூடாது. முறையான அனுமதியும் அனுபவமுள்ள துணையும் இன்றிப் பெரியவர்களும் செல்லலாகாது. மழைக்காலத்தில் அருவிப் பகுதிகளில் திடீர் வெள்ளம் வரும் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டா.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மூன்றாம் பயணத்தின் கதை நூலகத்தில் இல்லை என்றால், அது வேறெங்கே இருக்கிறது? நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஆனால் அது நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. கப்பலில் வந்தவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்றைய தாத்தாக்களும் பாட்டிகளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அம்பாங் போன்ற நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். 1957ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. ஒரு தோட்டம் மூடப்படும்போது பள்ளியும் கோயிலும் இடம்பெயர்கின்றன. பேசி மகிழ்ந்த திண்ணை மட்டும் இடம்பெயர்வதில்லை.

ஆகவே நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கீழ்க்காணும் கேள்விகளைக் கொடுத்து, விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம்:

1. நம் குடும்பத்தில் முதலில் மலாயாவுக்கு வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்?
2. தனியாக வந்தாரா, இணையோடு வந்தாரா? கப்பலின் பெயர் என்ன?
3. மூட்டையில் என்ன கொண்டுவந்தார்? அவற்றுள் ஏதேனும் இன்னும் வீட்டில் இருக்கிறதா?
4. எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? முதலில் எந்தத் தோட்டத்திற்குப் போனார்?
5. அத்தோட்டம் இன்று என்னவாக இருக்கிறது?

விடை தெரியாவிட்டால், ‘தெரியவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள்; கற்பனை செய்து நிரப்பச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் சொல்வதை அவர்களின் பேச்சுமொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். இலக்கணத் திருத்தம் பிறகு செய்துகொள்ளலாம். சொன்னவரின் பெயரையும், கேட்ட நாளையும் தாளின் மேல் குறிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுள் சிலர் பழைய துன்பத்தைப் பேச விரும்பமாட்டார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டா. முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் முப்பது தாள்கள் சேரும். அவற்றை ஒன்றாகக் கட்டிப் பள்ளி நூல்நிலையத்தில் வையுங்கள். இசபெல்லா பேர்டின் கடிதங்களும் முதலில் ஒரு தங்கைக்கு எழுதிய தாள்கள்தாமே.

இவ்வாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நண்டும் இறாலும் வாங்கிக் கொடுங்கள், மின்மினி காட்டுங்கள். புறப்படுவதற்கு முன்னால், பாட்டியையும் உடன் வருமாறு அழையுங்கள். அவரால் நடக்க இயலாது என்றால், திரும்பி வந்த மாலையில் பிள்ளையை அவர் அருகில் உட்கார வைத்து, மேலுள்ள முதற் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்ப்பள்ளி!